செல்வராசாவின் பில்டரைக் கழற்றிய நாள்

தர்சினி, போன கிழமை சாப்பிடும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. இவ்வளவு வருசமும் ஆஸ்பத்திரியில ட்ரொலி தள்ளினதுதானே உங்கட வேலை?" கவின் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தான். அம்மா உன்னை முறைத்தா. நான் "ஓம்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த ட்ரொலியில் யார் யார் போனார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நான் உங்கள் இருவருக்கும் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

அடுத்த நாளே என்னோடு வேலை செய்த ரவி போன் எடுத்தான். "சிவம் அண்ணை, எங்கட அறைக்கு லேசர் வந்திட்டுது. இனி ஒட்டிப்போன பில்டரைச் சுத்தியிருக்கிற தசையை வெளிச்சத்தாலேயே விடுவிக்கலாமாம். உங்கட செல்வராசாவை நினைச்சன்" என்றான். அப்போதுதான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

முதலில் பில்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் சோறு போய் அடைக்காமல் அம்மா ஒரு சல்லடை வைத்திருக்கிறா அல்லவா? அதே வேலைதான். சிலருக்குக் காலில் இரத்தம் கட்டியாக உறைந்துவிடும். அந்தக் கட்டி கழன்று மேலே போய் நுரையீரலை அடைத்தால் ஆள் இருக்கமாட்டார். கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. ஆனால் தலைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த மருந்தைக் கொடுக்க ஏலாது. அப்படியானவர்களுக்கு, வயிற்றுக்குப் பின்னால் முள்ளந்தண்டை ஒட்டி மேலே போகும் பெரிய நாளத்துக்குள் ஒரு சின்னக் கம்பிக்கூட்டை வைத்துவிடுவார்கள். துணி இல்லாத குடையை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் நாளத்தின் சுவரில் ஊன்றி நிற்கும். உச்சியில் ஒரு கொக்கி இருக்கும். இரத்தம் போகும், கட்டி நிற்கும்.

ஆபத்து விலகியதும் அதைக் கழற்ற வேண்டும். கழுத்து நாளத்தால் ஒரு குழாயை இறக்கி, சுருக்குப் போட்டுக் கொக்கியைப் பிடித்து, குடையை மடக்குவதுபோல் குழாய்க்குள் இழுத்து எடுப்பார்கள். சில மாதத்துக்குள் என்றால் அது பெரிய வேலையில்லை. வருடக்கணக்கில் விட்டால் உடம்பு அதைத் தன்னுடையதாக்கிவிடும். கொக்கிமேல் தசை வளரும். கம்பிக்கால்கள் நாளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும்.

நான் வார்டில் சிற்றூழியனாகச் சேர்ந்து, பிறகு எக்ஸ்ரே பகுதிக்குப் போய், கடைசி வருடங்களில்தான் நாளத்துக்குள் வேலை செய்யும் அந்த அறைக்கு மாறினேன். நோயாளியைக் கட்டிலில் சரியாகக் கிடத்துவது, ஈய அங்கி கட்டிவிடுவது, கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பது, தலைமாட்டில் நின்று நோயாளியோடு கதைப்பது, இவைதான் என் வேலை. கடைசியாகச் சொன்னதைச் சும்மா நினைக்கவேண்டாம். முகத்துக்கு மேலே பச்சைத் துணி மூடியிருக்கும். உள்ளே விழித்துக்கொண்டு கிடப்பவருக்கு ஒரு குரல்தான் துணை.

அந்த அறைக்குப் பெரியவர் டொக்டர் நிலந்தி. தெற்கே காலிப் பக்கத்துச் சிங்கள ஆள். தமிழ் இங்கே வந்துதான் படித்தவர். எங்களோடு கதைத்துக் கதைத்து, முடியாது என்பதற்கு "ஏலாது", பிறகு என்பதற்குப் "பேந்து" எல்லாம் எங்களைவிட அதிகமாகச் சொல்வார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கஷ்டமான கேஸ் என்றால் முதல்நாளே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை மேசையில் வைத்து, அதற்குள் பழைய பில்டர் ஒன்றைப் பசைபோட்டுச் சரித்து ஒட்டி, கழற்றிக் கழற்றிப் பழகுவார். பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலை தொடங்கமுதல், எந்த இடத்தில் நிறுத்துவேன் என்பதை அறையில் உள்ள எல்லாருக்கும் சொல்லிவிடுவார். "இந்தக் கம்பி இதுக்கு மேல வளைஞ்சா விடுவம். வலி முதுகுக்கு வந்தா விடுவம்." செய்துகொண்டிருக்கும்போது சிக்கல் வந்தால் இரண்டு கையையும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துவைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போவார். எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். அறை அப்படியே நிற்கும். பிறகு, "சரியா?" என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்பார். என்னையும் கேட்பார்.

செல்வராசா அங்கே வந்தது ஒரு மாரிகாலத்தில். இலங்கைத்துறை ஆள். சுழியோடி. தகப்பன் காலத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சங்கு எடுப்பது, பாறையில் மாட்டிய நங்கூரத்தை விடுவிப்பது, வலை சிக்கினால் போய் வெட்டுவது. இடையில் வளைகுடா நாடொன்றுக்குப் போய்க் கப்பலின் அடிப்பக்கம் கழுவும் வேலை செய்திருக்கிறார். அங்கே வாகனம் மோதித் தொடை முறிந்து, தலையிலும் இரத்தக்கசிவு. காலில் கட்டி வந்தபோது பில்டர் வைத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு வந்துவிட்டார். கழற்ற வேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, குடை சரிந்து கிடக்கிறது, உச்சி சுவருக்குள் புதைந்திருக்கிறது, ஒரு கால் குடலுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று.

அதுவரை பார்த்தவர்கள் எல்லாரும், விட்டுவிடுங்கள், கட்டி வராமலிருக்கக் காலம் முழுக்க மருந்து போடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மருந்து போட்டால் இரத்தம் லேசில் உறையாது. சிப்பி கீறினாலும் நிற்காமல் ஓடும். அப்படிப்பட்டவரை எந்தப் படகுக்காரர் ஏற்றுவார்? கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எடுத்துவிடுங்கோ டொக்டர்," என்றார் முதல்நாளே. "செத்தாலும் பரவாயில்லை."

"அது எனக்குச் சரிவராது," என்றார் நிலந்தி டொக்டர். "நான் வேற மாதிரி யோசிச்சு வச்சிருக்கிறன்."

பக்கத்தில் நின்ற மனைவி பத்மா அப்போதுதான் மூச்சு விட்டா. பத்மாவின் தம்பி யோகனும் வந்திருந்தான். கட்டையான ஆள், வாய் சும்மா இருக்காது. "டொக்டர், அத்தானைக் கரையில வச்சிருக்க எங்களுக்கு ஏலாது. கடலில கிடந்தாத்தான் வீடு நிம்மதி," என்றான். செல்வராசா அவனை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

முதல்முறை செய்த வேலையைச் சொல்கிறேன். கொக்கி சுவருக்குள் போய்விட்டதால் சுருக்கு மாட்டவில்லை. டொக்டர் ஒரு மெல்லிய கம்பியைப் பில்டரின் கழுத்துக்கு அடியால் நுழைத்து, மறுபக்கம் வந்த நுனியைச் சுருக்கால் பிடித்து மேலே எடுத்தார். பில்டரைச் சுற்றி ஒரு வளையம் ஆகிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு உறைக்குழாயை இறக்க வேண்டும். இதெல்லாம் திரையில் பார்த்துச் செய்யும் வேலை. மருந்து விட்டு எடுத்த நாளத்தின் படத்துக்குமேல் இப்போதைய படத்தை வைத்துப் பார்ப்பார்கள். அந்த நேரம் நோயாளியின் மூச்சு மாறினால் இரண்டு படமும் விலகிப்போகும். டொக்டர் எங்கே தள்ளுகிறார் என்று அவருக்கே தெரியாது.

முழுதாக மயக்கிச் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். மயக்கமருந்து டொக்டர் ஆயத்தமாகத்தான் நின்றார். ஆனால் குடலுக்குப் பக்கத்தில் கால் நிற்கும்போது, எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஆள் விழித்திருக்க வேண்டும் என்று நிலந்தி டொக்டர் விரும்பினார்.

நான் வழக்கம்போல், "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றேன். செல்வராசா இழுத்தார். பிள்ளைகளே, அப்படி ஒரு மூச்சை நான் பார்த்ததில்லை. இரண்டு தரம் ஊதிவிட்டு, பிறகு நெஞ்சு, விலா, வயிறு எல்லாம் நிரப்பிக்கொண்டார். திரையில் பில்டர் ஒரேயடியாகக் கீழே போய்விட்டது. "விடுங்கோ" என்றேன். விடவில்லை. "அண்ணை, விடுங்கோ!" அசையவில்லை. ஒக்சிசன் பார்க்கும் மெசின் கத்தத் தொடங்கியது. மயக்கமருந்து டொக்டர் ஓடிவந்து கன்னத்தில் தட்டியபிறகுதான் விட்டார். மறுபடியும் அதே கதை. மூன்றாம் தரம் வளையம் வழுக்கி, கம்பி வளைய ஆரம்பித்தது.

நிலந்தி டொக்டரின் கைகள் நெஞ்சுக்குப் போயின. ஓர் அடி பின்னால் போனார்.

"சொன்ன இடம் வந்திட்டுது," என்றார். "இண்டைக்கு இவ்வளவு காணும், நிப்பாட்டுவம்."

துணியை விலக்கியபோது செல்வராசாவின் கண் கலங்கியிருந்தது. "நான் சரியாத்தானே பிடிச்சனான்?" என்றார் என்னிடம். நான் அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

சரிவராத செய்தியை டொக்டர் தானேதான் போய்ச் சொல்வார். உடுப்பும் மாற்றாமல், வெளியே ஆட்கள் இருக்கும் நீள வாங்கில் பத்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். படம் விலகியதையும் சொன்னார். யோகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தானிட்ட மூச்சுப் பிடி எண்டால் அவர் என்ன செய்வார்? சங்குக்கு இறங்கிற மூச்சைத்தான் பிடிப்பார். பேந்து விடு விடெண்டு கத்தினா? தண்ணிக்குள்ள ஆருக்குக் காது கேட்கும்? அவர் மூச்சுப் பிடிச்சிட்டா மேல இருக்கிற சத்தம் ஒண்டும் அவருக்கில்லை. கயிறு இழுத்தால்தான் தெரியும்."

"என்ன கயிறு?" என்றார் டொக்டர்.

அப்போதுதான் யோகன் சொன்னான். சுழியோடி இறங்கும்போது அவருடைய இடுப்பிலிருந்து ஒரு கயிறு படகுக்கு வரும். அதை மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். அண்ணன் தம்பி பிடிப்பதில்லை, கூட்டாளி பிடிப்பதில்லை. அக்காவின் தாலி எவனுடைய கையில் இருக்கவேண்டுமோ அவன் கையில் கயிறு இருக்க வேண்டும் என்பது அவர்களின் ஊர் வழக்கம். மேலேயிருந்து ஒரு இழுப்பு என்றால் மூச்சோடு அப்படியே இரு, இரண்டு இழுப்பு என்றால் மேலே வா.

டொக்டர் யோகன் பக்கம் திரும்பி இருந்தார். பிறகு கேட்டார்: "பெரிய மூச்சு இல்லாம, சின்ன மூச்சும் பிடிப்பாரா?"

"அரை மூச்சு. கரைப்பக்கம் ஆழமில்லாத இடத்துக்கு அதுதான். நெஞ்சு எழும்பாது."

"அப்ப நீங்களும் உள்ள வாங்க, யோகன்."

"நானோ? எனக்கு இரத்தத்தைக் கண்டா ஏலாது, டொக்டர்!"

"இரத்தம் பார்க்க வேண்டாம். கயிறு பாருங்க."

சில கிழமை கழித்து மறுபடி கட்டிலில் கிடத்தினோம். இந்த இடைவெளியில் டொக்டர் கொழும்பிலிருந்து ஒரு நீள இடுக்கி எடுப்பித்திருந்தார். முழநீளக் கைபோல், நுனியில் சின்னப் பல்லு. அதைக் கொண்டு ஹோஸுக்குள் பழகிப் பழகி, நகத்தால் கிள்ளுவதுபோல் பசையையே நுள்ளி எடுத்துக் காட்டினார். வெட்டித் தைக்கும் டொக்டரும் இரத்தப் பைகளும் பக்கத்து அறையில் ஆயத்தம். நாளம் கிழிந்தால் உள்ளேயிருந்து அடைத்துப்பிடிக்க ஒரு பலூனும் மேசையில் இருந்தது.

நான் யோகனுக்கு ஈய அங்கி கட்டிவிட்டேன். "என்ன அண்ணை இது, கடலுக்கு இறங்கிற கல்லை எனக்குக் கட்டுறியள்? நான் தாழப்போறன்," என்றான். வாய்மூடியும் தொப்பியும் போட்டபிறகும் அந்த வாய் நிற்கவில்லை. ஆனால் பன்டேஜ் துணியைத் திரித்துக் கயிறாக்கி, செல்வராசாவின் இடது மணிக்கட்டில் கட்டி, துணிக்கு அடியால் கொண்டுவந்து மறுநுனியை அவனுடைய கையில் கொடுத்ததும் பேச்சு நின்றது. கயிற்றை இரண்டு விரலில் எடுத்துத் தொய்வு பார்த்தான். முகமே மாறிப்போனது.

"அத்தான், நான்தான் பிடிக்கிறன்," என்றான்.

துணிக்கு அடியிலிருந்து, "தெரியுது," என்று பதில் வந்தது.

டொக்டர் நிறுத்தும் இடங்களைச் சொன்னார். "சரியா?" என்று எல்லாரையும் கேட்டார். யோகனையும் கேட்டார். வேலை தொடங்கியது.

டொக்டர் தலையசைப்பார். யோகன் ஒரு இழுப்பு. செல்வராசா அரை மூச்சில் நிற்பார். நெஞ்சு எழும்பவேயில்லை. திரையில் இரண்டு படமும் ஒன்றுக்குமேல் ஒன்றாக அசையாமல் நிற்கும். இடுக்கி கொக்கியின்மேல் வளர்ந்த தசையைக் கொஞ்சம் நுள்ளும். தலையசைப்பு, இரண்டு இழுப்பு, மூச்சு வெளியே வரும். என் குரலுக்கு அங்கே வேலையே இல்லை. நான் செல்வராசாவின் கால் குளிராமல் போர்வையை இழுத்துவிட்டேன்.

இப்படிப் போய்ப் போய், கொக்கி வெளியே வந்தது. இடுக்கி அதைக் கவ்விக்கொண்டது. இனித்தான் பயப்பட வேண்டிய வேலை. அந்த இடத்தில் பில்டரை இழுக்கக்கூடாது. இழுத்தால் நாளமும் சேர்ந்து வரும். பில்டரை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, உறைக்குழாயைத் திருகித் திருகி அதன்மேல் இறக்க வேண்டும். கம்பிக்கால்கள் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து கழன்று மடங்க வேண்டும். நடுவில் விட்டால் பாதி மடங்கிய கால் வேறு இடத்தில் குத்தும்.

ஒரு இழுப்பு. உறை இறங்கியது. ஒரு கால் மடங்கியது, இன்னொன்று, பிறகு குடல் பக்கத்துக் கால். அது வரவில்லை. டொக்டர் உறையைக் கொஞ்சம் மேலே எடுத்து மறுபடி திருகினார். நேரம் போனது. மயக்கமருந்து டொக்டர் மெசினைப் பார்த்தார், யோகனைப் பார்த்தார். யோகன் மெசினையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கையிலிருந்த கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் வேணும்," என்றார் டொக்டர். கை உறையை விடவில்லை. "விடச் சொல்லவா?"

அப்போது கயிறு அசைந்தது. யோகன் அசைக்கவில்லை. துணிக்கு அடியிலிருந்து, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு இழுப்பு வந்தது.

யோகன் நிமிர்ந்தான். "இருக்கலாம் எண்டுறார், டொக்டர். நீங்கள் செய்யுங்கோ."

டொக்டர் திருகினார். திரையில் அந்தக் கடைசிக் கால் ஒரு துடிப்புத் துடித்து, கோடாகி, உறைக்குள் போய் மறைந்தது.

"இப்ப!" என்றார்.

யோகன் இரண்டு தரம் இழுத்தான். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டான். துணி குலுங்க ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. "கையைக் கழட்டிப் போடாதையடா," என்றது உள்ளேயிருந்து.

ஒருவரும் சிரிக்கவில்லை. மருந்து விட்டுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கறுப்பாக ஒரு ஆறுபோல் மருந்து நேராக மேலே ஓடியது. பக்கத்தில் எங்கும் கசியவில்லை. டொக்டர் அதை மறுபடி பார்த்தார். பிறகு வெள்ளைத் துணியில் பில்டரை வைத்து, கால் எல்லாம் முறியாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. அதன்பிறகுதான் அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். யோகன் அங்கியோடு சுவரில் சாய்ந்து அழுதான்.

செல்வராசாவிடம் காட்டினோம். சின்னிவிரல் நீளம்கூட இல்லை.

"இந்தச் சின்னனுக்கோ நான் இவ்வளவு நாளும் கரையில கிடந்தனான்?" என்றார்.

"கூனி இறால் மாதிரிக் கிடக்கு. விக்கவும் ஏலாது," என்றான் யோகன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

உடனே கடலுக்கு விடவில்லை. சில மாதம் மருந்து, காலில் ஸ்கேன், தலைக்குப் பார்க்கும் டொக்டரின் சொல், நெஞ்சுக்குப் பார்க்கும் டொக்டரின் சொல், எல்லாம் முடிந்துதான் மருந்தை நிறுத்தினார்கள். அதன்பிறகு ஒருநாள் யோகன் போன் எடுத்தான். "அத்தான் நாளைக்கு இறங்கிறார். வாங்கோ அண்ணை." அந்தச் சனிக்கிழமை நான் மூதூர் தாண்டிப் போனது இதற்குத்தான். கல்யாண வீடு என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள்.

நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போயிருந்தேன். படகு மணலில் கிடந்தது. யோகன் என்னைக் கண்டதும், "ஆ, ட்ரொலிக்காரர் வந்திட்டார்! அண்ணை, அத்தானை உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு போனது நீங்கள்தானே? இதையும் ஒருக்காத் தள்ளுங்கோ," என்றான். காற்சட்டையை மடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தேன். படகு ஊர்ந்து, தண்ணீர் தொட்டதும் இலேசாகிக் கையைவிட்டுப் போனது. இடுப்புவரை நனைந்துவிட்டேன்.

கரைக்குத் தெரியும் தூரத்தில்தான் நிறுத்தினார்கள். செல்வராசா படகு விளிம்பில் இருந்து கயிற்றை இடுப்பில் கட்டுவது தெரிந்தது. பத்மா வெந்நீர்ப் போத்தலோடு எனக்குப் பக்கத்தில் நின்றா.

"அண்ணை, தேத்தண்ணிக்குச் சீனி…" என்று தொடங்கினா.

செல்வராசா இறங்கிவிட்டார். பத்மா பேச்சை நிறுத்தினா. தண்ணீர் மூடிக்கொண்டது. யோகன் குனிந்து நின்றான், கையில் கயிறு. அவன் எங்கும் பார்க்கவில்லை. அலை வந்து என் காலைத் தொட்டுப் போனது, மறுபடி வந்தது. பத்மாவின் கையில் போத்தல் மூடி திறந்தபடி இருந்தது, ஆவி போய்க்கொண்டிருந்தது.

படகுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் தலை எழும்பியது. யோகன் கூவினான். ஒரு கை உயர்ந்தது, அதில் ஏதோ வெள்ளையாக இருந்தது.

"…போடவோ?" என்றா பத்மா.

எனக்குச் சீனி வருத்தம் இருப்பதும், தேத்தண்ணிக்கு இனிப்புத் தொடக்கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு, "போடுங்கோ, ரெண்டு கரண்டி," என்றேன். இதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.